வளைகாப்பு வளையல் சத்தம் வயிற்றுக் குழந்தைக்குக் கேட்குமா? உள்காது உருவாகும் கதை

ஏழாம் மாதம், அல்லது ஒன்பதாம் மாதம். மனையில் உட்கார்ந்திருக்கும் கர்ப்பிணியின் இரண்டு கைகளிலும் கண்ணாடி வளையல்களை அடுக்குகிறார்கள். "இந்தச் சத்தம் உள்ளே இருக்கிற பிள்ளைக்குக் கேட்கும்மா" என்று யாராவது ஒரு பெரியம்மா சொல்லாமல் அந்த வளைகாப்பு முடியாது. வாட்ஸ்அப்பிலும் இது 'முன்னோர்களின் அறிவியல்' என்ற பெயரில் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

கேட்குமா, கேட்காதா? பாதி கேட்கும் என்பதுதான் நேர்மையான பதில். அது ஏன் பாதி என்று புரியவேண்டுமென்றால், மண்டை ஓட்டுக்குள் ஒளிந்திருக்கும் பட்டாணி அளவு உறுப்பு ஒன்றைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

வளையல் கேள்வியைவிடப் பெரிய விஷயம் ஒன்றும் அந்த உறுப்புக்குள் இருக்கிறது. ஒரு மனிதர் 80 வயது வரை கேட்பதற்குத் தேவையான செல்கள் அத்தனையும், வளையல் போடும் நாளுக்கு முன்பே செய்து முடிக்கப்பட்டுவிடுகின்றன. அதற்குப் பிறகு ஒன்றுகூடப் புதிதாக வராது.

பாறைக்குள் ஒரு நத்தை

கம்மல் போடும் மடலை வெளிக்காது என்கிறோம். செவிப்பறையும் அதை ஒட்டிய சுத்தி, பட்டடை, அங்கவடி என்ற மூன்று குட்டி எலும்புகளும் நடுக்காது. இந்த இரண்டும் சத்தத்தை வாங்கி உள்ளே அனுப்பும் வேலையைத்தான் செய்கின்றன. உண்மையில் 'கேட்பது' நடக்கும் இடம் உள்காது.

அது இருக்கும் இடமே தனி. காதுக்குப் பின்னால், மண்டை ஓட்டின் அடிப்பகுதியில் இருக்கும் இந்த எலும்புக்கு மருத்துவர்கள் வைத்த பெயருக்குப் பொருளே 'பாறை போன்றது' என்பதுதான். உடம்பிலேயே மிக அடர்த்தியான எலும்புகளில் ஒன்று. ஆயிரக்கணக்கான வருடப் பழைய எலும்புக்கூடுகளில் டி.என்.ஏ தேடும் ஆய்வாளர்கள் முதலில் கைவைப்பது இதில்தான். மற்ற எலும்பெல்லாம் உளுத்துப்போனாலும் இது தாங்கும்.

அந்தப் பாறையைக் குடைந்தது போல வளைவும் நெளிவுமான குழல்கள். ஒரு பக்கம் நத்தை ஓடு போலச் சுருண்டிருப்பது காக்ளியா. கிரேக்க மொழியில் நத்தையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. மறுபக்கம் மூன்று அரைவட்டக் குழல்கள். நடுவில் இரண்டு சின்னப் பைகள். காக்ளியா கேட்பதற்கு, மற்றவை உடம்பு விழாமல் நிற்பதற்கு.

எலும்புக் குழலுக்குள் அதே வடிவத்தில் மெல்லிய சவ்வுக் குழல் ஒன்று இருக்கிறது, சைக்கிள் டயருக்குள் டியூப் இருப்பது மாதிரி. டயருக்கும் டியூபுக்கும் இடையில் ஒரு திரவம். டியூபுக்குள் வேறொரு திரவம். உள்ளே இருக்கும் திரவத்தில் பொட்டாசியம் மிக அதிகம். உடம்பில் செல்களுக்கு வெளியே இருக்கும் திரவங்களில் சோடியம்தான் அதிகமாக இருக்கும். இங்கே மட்டும் தலைகீழ். இதனால் அந்தத் திரவத்தில் சுமார் 80 மில்லிவோல்ட் மின்னழுத்தம் எப்போதும் ஏற்றி வைக்கப்பட்டிருக்கிறது. சுருக்கமாகச் சொன்னால், காதுக்குள் பேட்டரி ஓடுகிறது. தூங்கும்போதும் அது அணைவதில்லை.

அம்மாவுக்கே தெரியாத நாளில் தொடங்கும் வேலை

இதெல்லாம் எப்போது கட்டப்படுகிறது? இங்கே வரும் வாரக் கணக்கு, கரு உண்டான நாளிலிருந்து எண்ணுவது. டாக்டர் ஸ்கேன் ரிப்போர்ட்டில் எழுதும் கணக்கு கடைசி மாதவிடாயிலிருந்து வரும் என்பதால் அதில் இரண்டு வாரம் கூடுதலாக இருக்கும்.

கரு உண்டாகி 22-வது நாள் வாக்கில் வேலை ஆரம்பித்துவிடுகிறது. அப்போது கருவின் நீளமே சில மில்லிமீட்டர்தான். மாதவிடாய் ஒரு வாரம் தள்ளிப்போயிருக்கும், அவ்வளவுதான். கர்ப்பம் என்றே பலருக்கு உறுதியாகியிருக்காது.

பின்மூளையாக மாறப்போகும் பகுதியின் இரண்டு பக்கமும், கருவின் மேல்தோல் அடுக்கில் சின்னதாக ஒரு தடிப்பு தோன்றுகிறது. பக்கத்தில் இருக்கும் பின்மூளையிலிருந்தும் சுற்றியுள்ள திசுக்களிலிருந்தும் வரும் வேதிச் சமிக்ஞைகள்தான் 'நீ காது ஆகு' என்று அந்த இடத்துக்கு உத்தரவு போடுகின்றன. தடிப்பு குழியாகிறது. குழியின் வாய் மூடிக்கொள்கிறது. நான்காவது வார முடிவில் மேல்தோலிலிருந்து கழன்று, உள்ளே ஒரு குட்டிப் பையாக நிற்கிறது.

மூளையோடு இவ்வளவு நெருக்கமாக வேலை செய்யும் உறுப்பு மூளையிலிருந்து முளைப்பதில்லை, உடம்பைப் போர்த்தும் தோல் எந்த அடுக்கிலிருந்து வருகிறதோ அதே அடுக்கிலிருந்து வருகிறது என்பதுதான் இதில் ஆச்சரியம். காதையும் மூளையையும் இணைக்கும் நரம்பு செல்களும் இந்தப் பையின் சுவரிலிருந்தே பிரிந்து வெளியே வருகின்றன.

அடுத்த சில வாரங்களில் அந்தப் பை உருமாறும் விதம் ஒரு கைவினைஞரின் வேலை மாதிரி இருக்கும். மேல்பக்கத்தில் தட்டையான மடிப்புகள் புடைக்கின்றன. மடிப்பின் நடுப்பகுதியில் இரண்டு சுவர்களும் ஒட்டி, அந்த இடம் மறைந்து, ஓட்டை விழுகிறது. விளிம்பு மட்டும் குழலாக மிஞ்சுகிறது. மெதுவடைக்கு நடுவில் விரலால் ஓட்டை போடுவதை நினைத்துக்கொள்ளலாம். அரைவட்டக் குழல்கள் இப்படித்தான் கிடைக்கின்றன.

கீழ்ப்பக்கம் வேறு கதை. ஆறாவது வாரம் வாக்கில் அங்கிருந்து ஒரு குழாய் நீள ஆரம்பிக்கிறது. நேராகப் போக இடமில்லை, சுருள்கிறது. எட்டாவது வார முடிவில் கிட்டத்தட்ட இரண்டரைச் சுற்று முடிந்துவிடும். பெரியவர்களின் காதில் இருப்பதும் அதே இரண்டரை, இரண்டே முக்கால் சுற்றுதான்.

ஐந்தாம் மாதத்துக்குள் உள்காது தன் முழு அளவை எட்டிவிடுகிறது. குழந்தையின் கை, கால், இதயம், மூளை எல்லாம் பிறந்த பிறகும் பல மடங்கு வளரும். இது மட்டும் பிறக்கும்போதே பெரியவர்களின் அளவு. ஒரு நாள் குழந்தையின் காக்ளியாவும் அதன் தாத்தாவின் காக்ளியாவும் ஒரே சைஸ்தான். இந்த ஒரு தகவலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

15 ஆயிரம் செல்கள்தான் மொத்தக் கையிருப்பு

சுருளுக்குள் நீளவாக்கில் ஒரு சவ்வு ஓடுகிறது. விரித்துப் பார்த்தால் சுமார் 35 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். இத்தாலியைச் சேர்ந்த அல்ஃபோன்சோ கோர்ட்டி 1851-இல் மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, அந்தச் சவ்வின் மேல் வரிசை வரிசையாகச் செல்கள் அடுக்கப்பட்டிருப்பதை விவரித்தார். இன்றும் அந்த அமைப்புக்கு அவர் பெயர்தான்.

அந்த வரிசைகளில் இருப்பவைதான் முடி செல்கள். பெயரில் முடி இருந்தாலும் தலைமுடிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒவ்வொரு செல்லின் தலையிலும் குச்சி குச்சியாக நுண்ணிய நீட்சிகள், உயர வாரியாகப் படிக்கட்டு போல நிற்கும். உள்வரிசை ஒன்று, வெளிவரிசை மூன்று. ஒரு காதில் உள்வரிசையில் சுமார் 3,500 செல்கள், வெளிவரிசைகளில் சுமார் 12,000. மொத்தம் 15 ஆயிரத்துச் சொச்சம். கண்ணின் விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் 10 கோடிக்கும் மேல் என்பதோடு ஒப்பிட்டால், காதுக்குக் கிடைத்த பங்கு எவ்வளவு குறைவு என்பது தெரியும்.

எந்தச் செல் முடி செல் ஆவது என்று யார் முடிவு செய்கிறார்கள்? ஆரம்பத்தில் அந்த இடத்தில் இருக்கும் செல்கள் எல்லாமே ஒரே மாதிரிதான். ஒரு கட்டத்தில் அவை பிரிந்து பெருகுவதை நிறுத்திக்கொள்கின்றன. பிறகு சிலவற்றில் ஏடோ1 என்ற மரபணு விழித்துக்கொள்கிறது. அது விழித்த செல் முடி செல்லாக மாறும். மாறும்போதே தன்னைச் சுற்றியுள்ள செல்களுக்கு 'நீங்கள் ஆகக்கூடாது' என்று தடை போட்டுவிடும். தடை வாங்கிய செல்கள் தாங்கு செல்களாக நின்று முடி செல்லுக்கு முட்டுக்கொடுக்கின்றன. வரிசை இவ்வளவு ஒழுங்காக அமைவதற்கு இந்தத் தடை உத்தரவே முக்கியக் காரணம். மனிதக் கருவில் இது 10 முதல் 12-வது வாரங்களில் நடக்கத் தொடங்குகிறது.

சரி, இந்தச் செல்கள் என்ன செய்கின்றன? சத்தம் வந்து அங்கவடி எலும்பு உள்காதின் ஜன்னலைத் தட்டும்போது, உள்ளே திரவத்தில் அலை எழுகிறது. அலை போகும்போது சவ்வு ஏறி இறங்குகிறது. முடி செல்லின் குச்சிகள் சாய்கின்றன. பக்கத்துப் பக்கத்துக் குச்சிகளின் நுனிகளை இணைக்கும் மிக மெல்லிய நூல்கள் இருக்கின்றன. குச்சி சாய்ந்தால் நூல் இழுபடும், நூல் இழுபட்டால் ஒரு கதவு திறக்கும், பொட்டாசியம் உள்ளே பாயும். அடுத்த நொடிக்கூறில் நரம்புக்குச் செய்தி போய்விடும். காதுக்கு எட்டும் மிக மெல்லிய சத்தத்தில் இந்தக் குச்சிகள் அசையும் தூரம் அணுவின் அளவில்தான் இருக்கும். இந்த நுட்பத்தை வெளிக்கொண்டு வந்ததற்காக ஜேம்ஸ் ஹட்ஸ்பெத், ராபர்ட் ஃபெட்டிபிளேஸ், கிறிஸ்டின் பெட்டி ஆகிய மூவருக்கும் 2018-இல் காவ்லி பரிசு கிடைத்தது.

எந்தச் சத்தம் எந்த இடத்தில் பதிவாகும் என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. சவ்வு நுழைவாயிலில் குறுகலாக, விறைப்பாக இருக்கும். சுருளின் உச்சியில் அகலமாக, தொளதொளவென்று இருக்கும். அதனால் கீச்சுச் சத்தம் வாயிலிலேயே நின்றுவிடும். தவில் போன்ற கனத்த சத்தம் உச்சி வரை போகும். ஹார்மோனியக் கட்டைகளை வரிசை மாறாமல் சுருட்டி வைத்தது மாதிரி. இந்த அலையை இறந்தவர்களின் காதுகளில் நேரடியாகப் பார்த்துக் காட்டிய ஜார்ஜ் ஃபான் பெகேஷி, ஹங்கேரியில் தொலைபேசி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். 1961-இல் மருத்துவ நோபல் பரிசு பெற்றார்.

ஆனால் இறந்த காதில் அவரால் பார்க்க முடியாத ஒன்று, உயிருள்ள காதில் நடக்கிறது. மூளைக்குச் செய்தி அனுப்புவது பெரும்பாலும் உள்வரிசைச் செல்கள்தான். அப்போ மீதி 12 ஆயிரம் எதற்கு? அவை சத்தத்துக்கு ஏற்ப நீண்டு சுருங்கி ஆடுகின்றன. ஆடி, சவ்வின் அசைவைப் பெருக்குகின்றன. அதாவது அவை ஆம்ப்ளிஃபையர். அந்த ஆட்டத்தைச் செய்யும் பிரெஸ்டின் என்ற புரதம் 2000-இல்தான் அடையாளம் காணப்பட்டது.

இப்போது வளையலுக்கு வருவோம்

வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் 450 கருக்களை வைத்துச் செய்யப்பட்ட ஓர் ஆய்வு 1994-இல் வெளியானது. அம்மாவின் வயிற்றுக்கு அருகே ஒலிபெருக்கியில் வெவ்வேறு ஸ்தாயியில் ஒலி கொடுத்து, ஸ்கேனில் கரு அசைகிறதா என்று பார்த்தார்கள். இதில் வரும் வாரங்கள் டாக்டர்கள் சொல்லும் கணக்கு.

முதல் அசைவு 19-வது வாரத்தில் தெரிந்தது, 500 ஹெர்ட்ஸ் ஒலிக்கு. 27-வது வாரத்தில், அதாவது ஏழாம் மாதம் வாக்கில், 250 மற்றும் 500 ஹெர்ட்ஸ் ஒலிகளுக்கு 96 சதவீதக் கருக்கள் அசைந்தன. அதே வாரத்தில் 1,000 ஹெர்ட்ஸுக்கும் 3,000 ஹெர்ட்ஸுக்கும் ஒன்றுகூட அசையவில்லை. அந்த இரண்டுக்கும் எல்லாக் கருக்களும் அசைந்தது முறையே 33, 35-வது வாரங்களில்தான்.

கண்ணாடி வளையலின் 'கிளிங்' பெரும்பாலும் உயர்ந்த ஸ்தாயி. போதாக்குறைக்கு, வயிற்றுச் சுவரும் பனிக்குட நீரும் உயர்ந்த ஒலியை நன்றாகவே அமுக்கிவிடும். கனத்த ஒலிதான் தாராளமாக உள்ளே போகும். ஆக, ஏழாம் மாத வளைகாப்பில் பிள்ளைக்கு வளையல் சத்தம் கேட்பதைவிட, சுற்றி நடக்கும் பேச்சின் முணுமுணுப்பும் மேளச் சத்தமும் கேட்கவே வாய்ப்பு அதிகம். ஒன்பதாம் மாதம் என்றால் பெரியம்மா சொல்வதில் கொஞ்சம் நியாயம் உண்டு.

எல்லாவற்றையும்விட நன்றாகக் கேட்பது அம்மாவின் குரல். அது காற்று வழியாக மட்டுமல்ல, அம்மாவின் உடம்பு வழியாகவும் போகிறது. பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகள், மற்ற பெண்களின் குரலைவிடத் தன் அம்மாவின் குரலைக் கேட்பதற்காக ரப்பர் காம்பைச் சப்பும் வேகத்தை மாற்றிக்கொண்டதை அமெரிக்காவில் டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற இருவர் 1980-இல் பதிவு செய்தார்கள். இதற்காக வயிற்றில் ஹெட்போன் வைத்து பாட்டுப் போடும் பழக்கம் தேவையே இல்லை. அம்மா சும்மா பேசிக்கொண்டிருந்தாலே போதும்.

எல்லாப் பாலூட்டிகளுக்கும் இந்த வாய்ப்பு இல்லை. வீட்டில் நாய் குட்டி போட்டிருந்தால் கவனித்திருப்பீர்கள். கண் மட்டுமல்ல, காதுத் துளையும் மூடியபடியே பிறக்கும். சுமார் இரண்டு வாரம் கழித்துத்தான் காது திறக்கும். மனிதக் குழந்தையோ சில மாதக் கேட்கும் அனுபவத்தோடு பிறக்கிறது.

தலைக்குள் ரசமட்டம்

உள்காதின் இன்னொரு பாதியைப் பற்றித் தலைசுற்றல் வந்தால்தான் நினைப்போம். மூன்று அரைவட்டக் குழல்களும் ஒன்றுக்கொன்று ஏறக்குறைய செங்குத்தாக நிற்கின்றன. தலையை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஏதோ ஒன்றில் திரவம் பின்தங்கி, அங்கிருக்கும் முடி செல்களைச் சாய்க்கும். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் மாதிரி, ஆனால் மூன்று திசையிலும். நடுவில் உள்ள இரண்டு பைகளில் முடி செல்களின் மேல் சுண்ணாம்புப் படிகங்கள் பரப்பப்பட்டிருக்கின்றன. லிஃப்ட் கிளம்புவதையும் பஸ் பிரேக் போடுவதையும் கண்ணை மூடிக்கொண்டே உணர்வது இவற்றால்தான்.

வயதாகும்போது அந்தப் படிகங்களில் சில கழன்று அரைவட்டக் குழலுக்குள் விழுந்துவிடும். படுக்கையில் புரண்டு படுத்ததும் வீடே சுற்றும். பலர் 'பிரஷர்' என்று நினைத்துப் பயந்துவிடுகிறார்கள். காது மூக்கு தொண்டை டாக்டர், தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பிப் படிகத்தை வெளியே உருட்டிவிடுவார். பெரும்பாலும் அங்கேயே சரியாகிவிடும்.

கோழிக்கு முடியும், மனிதருக்கு முடியாது

சுருண்ட காக்ளியா பாலூட்டிகளின் தனி அடையாளம். பறவைகளில் அது ஏறக்குறைய நேராக இருக்கும். முட்டையிடும் பாலூட்டியான பிளாட்டிபஸில் லேசாக வளைந்திருக்குமே தவிர ஒரு முழுச் சுற்றுகூட வராது. கினி பன்றிக்குச் சுமார் நான்கு சுற்று. சுற்று கூடினால் காது கூர்மை என்று அர்த்தமில்லை. நீளமான சவ்வைச் சின்ன இடத்தில் மடித்து வைக்க இது ஒரு வழி.

இந்த நுட்பத்துக்குப் பாலூட்டிகள் கொடுத்த விலை பெரிது. 1980-களின் கடைசியில், கடும் சத்தத்தாலும் மருந்தாலும் முடி செல்களை இழந்த பறவைகளின் காதில் புதிய முடி செல்கள் முளைப்பதை ஆய்வாளர்கள் கண்டார்கள். கோழிக் காதில் ஒரு முடி செல் செத்தால், பக்கத்தில் முட்டுக்கொடுத்து நிற்கும் தாங்கு செல் அந்த இடத்துக்கு வந்துவிடும். மீனுக்கும் தவளைக்கும் இது முடியும்.

மனிதரின் காக்ளியாவில் அதே தாங்கு செல்கள் இருக்கின்றன. ஏடோ1 மரபணுவும் இருக்கிறது. ஆனால் கருவில் போட்ட தடை உத்தரவு நீங்குவதில்லை. எலிக் குட்டிகளில் பிறந்த முதல் வாரம் மட்டும் கொஞ்சம் அந்தத் திறன் தெரிகிறது, அப்புறம் மறைந்துவிடுகிறது. அதைத் திரும்ப எழுப்ப முடியுமா என்று உலகம் முழுக்க ஆய்வுகள் நடக்கின்றன. பெரிதாக எதிர்பார்க்கப்பட்ட ஒரு மருந்தின் சோதனை 2023-இல் தோல்வியில் முடிந்தது. இன்றுவரை 'நரம்பைப் புதுப்பிக்கும்', 'காது செல்லை வளர்க்கும்' என்று விளம்பரம் செய்யப்படும் எந்த எண்ணெய்க்கும் மாத்திரைக்கும் முடி செல்லை முளைக்க வைக்கும் சக்தி கிடையாது.

கையிருப்பு எப்படிக் குறைகிறது?

சிலருக்குக் கட்டும்போதே அடி விழுகிறது. கர்ப்பத்தின் முதல் நான்கு மாதங்களில் அம்மாவுக்கு ரூபெல்லா வந்தால், அவருக்கு லேசான காய்ச்சலும் தடிப்பும்தான் இருக்கும். உருவாகிக்கொண்டிருக்கும் காக்ளியாவை அந்த வைரஸ் சிதைத்துவிடலாம். இந்தியாவில் 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தொடங்கியபோது முதல் கட்ட மாநிலங்களில் தமிழ்நாடும் இருந்தது. அப்போது இந்த ஊசிக்கு எதிராக வாட்ஸ்அப் வதந்திகள் பறந்ததும் பலருக்கு நினைவிருக்கும். கர்ப்பமான பிறகு இந்த ஊசியைப் போட முடியாது. முன்பே போட்டிருக்க வேண்டும்.

இன்னொரு காரணம் மரபணு. பிறவியிலேயே கேட்காமல் போவதற்கு உலக அளவில் அதிகம் காணப்படும் மரபணுக் காரணம், கனெக்சின் 26 என்ற புரதத்தில் வரும் பிழை. முன்பு சொன்ன பொட்டாசியம் பேட்டரி ஓடுவதற்கு இந்தப் புரதம் வேண்டும். அம்மா, அப்பா இரண்டு பேருக்கும் காது நன்றாகக் கேட்கும். ஆனால் இருவரிடமும் ஒரே பிழையின் ஒரு நகல் இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் கல்யாணம் செய்யும்போது இருவரிடமும் ஒரே பிழை இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. அப்படிக் கல்யாணம் செய்த எல்லோருக்கும் இது வரும் என்று அர்த்தமில்லை. 'குடும்பத்தில் யாருக்குமே இல்லையே' என்று சோதனையைத் தவிர்க்கக் கூடாது என்பதுதான் விஷயம்.

சில மருந்துகளும் காரணம். ஜென்டமைசின், ஸ்ட்ரெப்டோமைசின் வகை ஆன்டிபயாடிக்குகள் முடி செல்லின் அந்தக் கதவு வழியாகவே உள்ளே நுழைந்து செல்லைக் கொன்றுவிடலாம். உயிர் காக்க வேண்டிய நேரத்தில் டாக்டர்கள் கணக்குப் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். கடையில் கேட்டு வாங்கிப் போடுகிற ஊசி அல்ல.

மற்றபடி, எல்லோரும் தினமும் செலவழிப்பது சத்தத்தில். கச்சேரியோ திருவிழா ஸ்பீக்கரோ முடிந்து வீட்டுக்கு வந்தால் காது அடைத்து 'ங்ங்' என்று ரீங்காரம் கேட்கும், காலையில் சரியாகிவிடும். காற்றில் சாய்ந்த நெற்பயிர் நிமிர்வது மாதிரி. புயலில் படுத்த பயிர் நிமிராது. இந்தியாவில் பட்டாசுக்கு அனுமதிக்கப்பட்ட அளவே, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபல். ஹெட்போனைப் பொறுத்தவரை உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு வாரத்துக்கு 40 மணி நேரம், அதுவும் 80 டெசிபலில். 90 டெசிபலுக்குப் போனால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். பத்து டெசிபல் கூடினால் சத்தத்தின் ஆற்றல் பத்து மடங்காகிறது, அதனால் நேரம் பத்தில் ஒரு பங்காகிறது.

முதலில் போவது காக்ளியாவின் வாயில் பக்கத்துச் செல்கள், அதாவது உயர்ந்த ஸ்தாயி. 'ச', 'ஸ', 'த' போன்ற எழுத்துகளின் கூர்மை அங்கேதான் இருக்கிறது. "சத்தம் கேட்குது, என்ன சொல்றீங்கன்னுதான் புரியலை" என்று தாத்தா சொல்வதற்கு இதுதான் காரணம். அவரிடம் கத்திப் பேசிப் பயனில்லை. முகத்தைப் பார்த்து நிதானமாகப் பேசினால் புரியும்.

கேட்காத குழந்தைக்கு என்ன வழி?

முடி செல் இல்லாவிட்டாலும் அதற்குப் பின்னால் இருக்கும் நரம்பு பெரும்பாலும் உயிரோடு இருக்கும். காக்ளியர் இம்ப்ளான்ட் செய்வது இதைத்தான் பயன்படுத்திக்கொள்கிறது. மெல்லிய கம்பி ஒன்றைச் சுருளுக்குள் செலுத்தி, அதிலுள்ள மின்முனைகளால் நரம்பை நேரடியாகத் தூண்டுகிறார்கள். 15 ஆயிரம் செல்களின் வேலையை 12 முதல் 22 மின்முனைகள் செய்கின்றன. கரடுமுரடான ஒலிதான். ஆனாலும் குழந்தையின் மூளை அதிலிருந்து பேச்சைப் பிரித்தெடுக்கக் கற்றுக்கொள்கிறது.

ஒரு வயதுக் குழந்தைக்கு வைத்தால், வளர வளர கம்பி குட்டையாகிவிடாதா? இங்கேதான் அந்தப் பழைய தகவல் உதவுகிறது. காக்ளியா பிறக்கும்போதே முழு அளவு என்பதால், வளர்ச்சிக்காக உள்ளே இருக்கும் கம்பியை மாற்ற வேண்டியதில்லை.

காத்திருக்காதது மூளை. முதல் சில வருடங்களில் ஒலி வராவிட்டால், ஒலிக்காக ஒதுக்கிய மூளைப் பகுதி வேறு வேலைக்குப் போய்விடும். மூன்றரை வயதுக்குள் இம்ப்ளான்ட் கிடைத்த குழந்தைகளுக்கும் ஏழு வயதுக்குப் பிறகு கிடைத்தவர்களுக்கும் உள்ள வித்தியாசம் மிகப் பெரியது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இந்த அறுவை சிகிச்சை உண்டு. ஆனால் ஐந்தரை வயதில் கண்டுபிடித்துக் கொண்டுவந்தால், திட்டத்தில் இடம் கிடைக்கும். பேச்சு கிடைப்பது கடினம்.

2024 ஜனவரியில் சீனாவிலிருந்து வேறொரு செய்தி வந்தது. ஓட்டோஃபெர்லின் என்ற மரபணுவில் பிழையோடு பிறந்த 6 குழந்தைகளின் உள்காதில் சரியான மரபணுவைச் செலுத்தினார்கள். 5 பேருக்குக் கேட்கும் திறன் வந்தது. இந்தக் குழந்தைகளுக்கு முடி செல்கள் உயிரோடு இருந்தன. நரம்புக்குச் செய்தி கைமாற்றும் புரதம் மட்டும் இல்லை. அதனால்தான் சாத்தியமானது. செல்லே இல்லாதவர்களுக்கு இந்த வழி இன்னும் திறக்கவில்லை.

பிறந்ததும் செய்ய வேண்டிய சோதனை

ஆயிரம் குழந்தைகளில் ஒன்று முதல் மூன்று பேர் வரை காது கேட்காமல் பிறக்கிறார்கள். பெரும்பாலான வீடுகளில் நடக்கும் 'சோதனை', பின்னால் நின்று தட்டில் கரண்டியால் தட்டிப் பார்ப்பது. குழந்தை திரும்பினால் நிம்மதி. ஆனால் நிழல் ஆடினாலும், தரை அதிர்ந்தாலும் குழந்தை திரும்பும். இதை நம்பி ஒன்றரை வருடம் இழந்த குடும்பங்கள் உண்டு.

மருத்துவமனைகளில் செய்யும் முதல் சோதனைக்குப் பெயர் ஓ.ஏ.இ. குழந்தை தூங்கும்போது காதில் சின்ன முனையை வைத்து மெல்லிய ஒலி கொடுப்பார்கள். வெளிவரிசை முடி செல்கள் ஆடினால், அந்த ஆட்டத்தின் எதிரொலி காதிலிருந்தே திரும்பி வரும். ஆமாம், காதும் சத்தம் போடும். 1978-இல் டேவிட் கெம்ப் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி இதைக் காட்டியபோது பலர் நம்பவில்லை. சில நிமிடங்களில் முடிந்துவிடும், வலி இல்லை.

முதல் தடவை தேறவில்லை என்று வந்தாலே காது கேட்காது என்று முடிவு கட்ட வேண்டாம். பிறந்த புதிதில் காதுத் துளையில் இருக்கும் நீரும் மாவு போன்ற படலமும் அப்படிக் காட்டலாம். மறுபடி வரச் சொன்ன தேதியில் போவதுதான் முக்கியம். ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் குறை இருக்கிறதா என்ற உறுதி, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பது உலகம் முழுக்க டாக்டர்கள் பின்பற்றும் கணக்கு.

குறைமாதத்தில் பிறந்து ஐ.சி.யு.வில் இருந்த குழந்தை, மஞ்சள் காமாலை கடுமையாக வந்த குழந்தை என்றால் ஓ.ஏ.இ மட்டும் போதாது. அதில் தேறிவிட்டு, நரம்பில் சிக்கல் இருக்கும் குழந்தைகள் உண்டு. அந்த ஓட்டோஃபெர்லின் குழந்தைகளும் சின்ன வயதில் ஓ.ஏ.இ-யில் தேறிவிடக்கூடியவர்கள்தான். அவர்களுக்கு, ஒலி மூளைத்தண்டு வரை போய்ச் சேருகிறதா என்று பார்க்கும் 'பெரா' சோதனையும் வேண்டும். டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன் டாக்டரிடமோ நர்ஸிடமோ கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "குழந்தைக்குக் காது டெஸ்ட் பண்ணியாச்சா? எது பண்ணீங்க?"